பியூமிஸ் தட்டைக் கொஞ்சம் கவனியுங்கள்
பல் லேபில் அளவு எடுத்த அச்சைக் கழுவி, கிருமிநாசினி தெளித்து எல்லாம் சரியாகச் செய்பவர்கள்கூட, பல்செட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் சுழல் இயந்திரமான பாலிஷ் லேத்துக்குக் கீழே இருக்கும் பியூமிஸ் (நுரைக்கல் தூள்) குழம்பை நாள்கணக்கில் மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள். ஈரத்தில் பாக்டீரியா தாராளமாகப் பெருகும். ரிப்பேருக்கு வந்த பல்செட்டைத் தேய்த்த அதே குழம்பில் புதுச் செட்டையும் தேய்த்தால் ஒருவர் வாய்க் கிருமி இன்னொருவருக்குப் போய்விடும், சக்கரம் சுழலும்போது தெறிப்பது உங்கள் முகத்துக்கும்தான் வரும். ஒவ்வொரு வேலைக்கும் கொஞ்சமாகப் புதுப் பியூமிஸ் எடுத்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். லேத்தில் மாட்டும் துணிச் சக்கரத்தை அலசி, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் போடுங்கள். அப்புறம், ரிப்பேர் செட்டைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்யாமல் வேலை மேசைக்கே கொண்டுவராதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் மாஸ்க்கும் இல்லாமல் லேத்தை ஓட்டவே வேண்டாம்.