பனையை வைத்து ஒரு கண்காட்சி: முதன்முறை அமைப்பவர்களுக்கு

நூலக வார விழாவோ பள்ளி ஆண்டு விழாவோ, "இந்தத் தடவை கண்காட்சி ஒன்று வைக்கலாமே" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். பெரும்பாலும் என்ன நடக்கிறது? ஒரு மூலையில் அறிவியல் சார்ட், இன்னொரு மூலையில் மாணவர் ஓவியம், நடுவில் பழைய உலக்கையும் ஆட்டுக்கல்லும். மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன, அவ்வளவுதான். பண்பாடு, அறிவியல், கலை மூன்றும் ஒரே பொருளில் சந்திக்கிற இடத்தைத் தேடிப் பிடிப்பதுதான் உண்மையான வேலை. பனையை எடுத்துக்கொண்டு அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம். ஒரு வகுப்பறை அளவு இடம் போதும்.

படி 1: தலைப்பைக் கேள்வியாக்குங்கள்

"பனையின் பெருமை" என்று பெயர் வைத்தால் எதை வேண்டுமானாலும் உள்ளே அடைக்கலாம். அதுதான் சிக்கல். "பனை மரமா, புல்லா?" என்று கேட்டுப் பாருங்கள். வெளியே வைரம் (கெட்டியான பகுதி) உள்ளது புல், உள்ளே வைரம் உள்ளது மரம் என்று தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பனை புல். இன்றைய தாவரவியலும் பனையைப் புற்களைப் போலவே ஒருவித்திலைத் தாவரங்களில்தான் சேர்க்கிறது. குடும்பம் மட்டும் வேறு. பனந்துண்டு ஒன்றையும் வேப்பந்துண்டு ஒன்றையும் குறுக்கே அறுத்து வாசலில் வையுங்கள். வருகிறவர்கள் ஒரு ஆணியால் நடுவிலும் ஓரத்திலும் அழுத்திப் பார்க்கட்டும். பனையின் ஓரம் கல் மாதிரி இருக்கும், நடுப்பகுதி மென்மையான சோறு. ஆண்டு வளையமும் இருக்காது. கண்காட்சிக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

படி 2: தேதியைப் பனையிடம் கேளுங்கள்

நுங்கும் பதநீரும் வேண்டுமென்றால் சித்திரை, வைகாசி. பனங்கிழங்கு வேண்டுமென்றால் தை. மாவளி (பொறி பறக்கச் சுழற்றும் பனம்பூக் கரிப்பொதி) சுற்ற வேண்டுமென்றால் கார்த்திகை. மூன்றும் ஒரே நாளில் கிடைக்காது, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

படி 3: பொருள்களைக் குறையுங்கள்

எட்டுப் பத்துப் பொருள் போதும். ஒவ்வொன்றையும் மூன்று கேள்வி கேளுங்கள். இதை யார், எதற்குப் பயன்படுத்தினார்கள்? இது ஏன் இப்படி வேலை செய்கிறது? இதைச் செய்த கை எதில் திறமை காட்டியிருக்கிறது? இரண்டுக்காவது பதில் இல்லாத பொருளைத் தயங்காமல் விடுங்கள். பனை என்றதும் "தினைத்துணை" குறளை எழுதி மாட்டச் சொல்வார்கள். நல்ல குறள்தான், ஆனால் அதில் பார்க்க ஒன்றுமில்லை.

பதநீர்க் கலயம் மூன்று கேள்விக்கும் பதில் சொல்லும். பாளையைச் சீவிக் கட்டிய கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசியிருப்பார்கள். சாற்றில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் புளிக்க வைத்துவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மை அதைத் தடுக்கிறது. பூசினால் காலையில் பதநீர், பூசாவிட்டால் கள். பக்கத்தில் மரம் ஏறக் காலில் மாட்டும் தளைநார், பாளையை இடுக்கிப் பதமாக்கும் கடிப்பு, அரிவாள்பெட்டி ஆகியவற்றை வைத்தால் பனையேறியின் ஒரு நாள் முழுவதும் அந்த ஒரு மேசையில் வந்துவிடும்.

செட்டிநாட்டுக் கொட்டான் (ஓலைக் கூடை) வைத்தால் பாதி முடைந்ததையும் சேர்த்து வையுங்கள். முழுதாக முடிந்த கூடையில் பின்னலின் கணக்கு தெரியாது. யாழ்ப்பாணத்து உறவுகள் யாராவது இருந்தால் ஒடியலும் (உலர்த்திய பனங்கிழங்கு) பனாட்டும் (உலர்த்திய பனம்பழக் களி) கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டில் பலர் அவற்றைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

படி 4: கை வைக்க இடம் கொடுங்கள்

சான்பிரான்சிஸ்கோவில் இயற்பியலாளர் பிராங்க் ஓப்பன்ஹைமர் 1969-இல் தொடங்கிய எக்ஸ்புளோரட்டோரியம் பெயர் பெற்றதே பார்வையாளரைத் தொட்டுச் செய்ய விட்டதால்தான். கலைஞர்களையும் அங்கே கூடவே வேலை செய்ய வைத்தார்கள். நமக்கு அவ்வளவு செலவு தேவையில்லை, மூன்று செய்முறை போதும்.

முதலாவது, மஞ்சள் தாள். மஞ்சள் தூளைக் கரைத்து வெள்ளைத் தாளில் தடவி உலர்த்துங்கள். சுண்ணாம்புத் தெளிநீர் ஒரு சொட்டு விட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் பார்த்த அதே சிவப்பு என்பதை வீட்டுப் பெண்கள் முதலில் கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவது, பலூன். இரண்டு பாட்டிலில் வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரும் ஈஸ்டும் போட்டு, ஒன்றில் மட்டும் சுண்ணாம்பு தாராளமாகச் சேர்த்து, இரண்டின் வாயிலும் பலூன் மாட்டுங்கள். சுண்ணாம்பு இல்லாத பலூன் மட்டும் ஊதும். பதநீரையே புளிக்க வைத்துக் காட்டலாமே என்று தோன்றும், வேண்டாம். அது கள், தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை இருக்கிறது. இன்னொன்று, சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் ஆபத்து. பெரியவர் ஒருவர்தான் அதைக் கையாள வேண்டும்.

மூன்றாவது, ஓலையில் எழுதுவது. கூட்டம் இங்கேதான் சேரும். ஓலையை மஞ்சள் கலந்த நீரில் வேகவைத்து நிழலில் உலர்த்தி, அளவாக நறுக்குங்கள். எழுத்தாணிக்குப் பதில் முனை மழுக்கிய ஆணி போதும். கீறியவுடன் எழுத்து தெரியாது. எண்ணெயில் குழைத்த விளக்குக் கரியைத் தடவித் துடைத்ததும் பளிச்சென்று வரும். தமிழ் எழுத்துகள் வளைந்திருப்பதற்கு ஓலைதான் காரணம் என்று சொல்வதுண்டு. நரம்போடு ஒரு நேர்கோடும் குறுக்கே ஒரு வளைவும் கீறச் சொல்லி, எது கிழிக்கிறது என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

படி 5: வாசகத்தை வெட்டுங்கள்

ஒரு பொருளுக்கு ஐம்பது சொல், அதற்கு மேல் யாரும் நின்று படிப்பதில்லை. "பழந்தமிழர் வாழ்வியலோடு பின்னிப் பிணைந்த பனை" என்று ஆரம்பித்தால் அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள். "இந்தக் கலயத்தின் உள்ளே ஏன் வெள்ளையாக இருக்கிறது?" என்று ஆரம்பித்தால் குனிந்து பார்ப்பார்கள். எழுத்தைப் பெரிதாக அச்சிடுங்கள். கொட்டை எழுத்தில் முதல் வரி, சாதாரண எழுத்தில் மீதி. முடிந்தால் பொருளைக் கொடுத்தவரின் ஊரையும் போடுங்கள்.

படி 6: இடமும் வெளிச்சமும்

மேசைகளுக்கு நடுவே 120 செ.மீ. விட்டால் சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து 140 செ.மீ. உயரத்துக்குள் இருக்கட்டும், பிள்ளைகளும் படிக்க வேண்டும்.

பழைய சுவடி யாராவது இரவல் தந்தால் ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள், கண்ணாடிக்குள் வையுங்கள். அருங்காட்சியகங்களில் இப்படிப்பட்டவற்றுக்கு 50 லக்ஸ் அளவு மங்கலான வெளிச்சம்தான் கொடுப்பார்கள். செல்போனில் லக்ஸ் அளக்கும் செயலிகள் உண்டு. துல்லியம் குறைவு, ஆனாலும் உதவும். சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் தமிழ் மருத்துவச் சுவடித் தொகுப்பு 1997-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றது என்ற செய்தியை அந்தப் பெட்டியின் மேல் எழுதலாம். வீட்டுப் பரணில் சுவடி வைத்திருப்பவர் யாராவது அதைப் படித்துவிட்டு வந்து பேசுவார்.

படி 7: பனையேறியை அழையுங்கள், கூலி கொடுங்கள்

தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு நிற்கச் சொல்லிப் படம் எடுத்துவிட்டு அனுப்புவது எனக்குப் பிடிக்காது. அவர் இந்தக் கண்காட்சியின் அறிஞர். வாசகங்களை அச்சிடுவதற்கு முன்பே அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். கருவிகளின் பெயர் ஊருக்கு ஊர் மாறும், அவர் ஊர்ப் பெயரையே போடுங்கள். ஒரு நாள் தொழிலை விட்டு வருகிறார், அந்த நாள் கூலியும் வண்டிச் செலவும் பட்ஜெட்டில் முதல் வரியாக இருக்கட்டும்.

படி 8: ஒத்திகை

முந்தின நாள் பத்துப் பேரை உள்ளே விட்டு நீங்கள் ஓரமாக நில்லுங்கள். எதுவும் விளக்காதீர்கள். எங்கே நிற்கிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள் என்று மட்டும் குறியுங்கள். யாருமே நிற்காத மேசையை அன்றிரவே எடுத்துவிடலாம்.

கார்த்திகையில் நடத்துகிறீர்களானால் இருட்டியதும் மைதானத்தில் மாவளி. ஆண்பனைப் பூவைச் சுட்ட கரியைத் துணியில் பொதிந்து, மட்டைகளுக்கு நடுவே கட்டி, கயிற்றில் சுழற்றுவார்கள். சுழல்கிற வேகத்தில் காற்றுப் பட்டுக் கரித்துகள்கள் எரிந்து பொறி வட்டமாகத் தெறிக்கும். ட்ரைபாடில் கேமராவை வைத்து சில விநாடி எக்ஸ்போஷரில் எடுத்தால் அந்த வட்டம் முழுதாகப் படத்தில் விழும். பழக்கமுள்ளவர் மட்டும் சுற்றட்டும், கூட்டம் தள்ளி நிற்கட்டும், மணலும் தண்ணீரும் வாளிகளில் தயாராக இருக்கட்டும். ஓலைக்கூரை, வைக்கோல் போர் பக்கம் வேண்டவே வேண்டாம்.

முடிந்ததும் இரவல் பொருள்களைப் பட்டியலோடு சரிபார்த்து, அந்த வாரமே நேரில் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். பலகைகளைத் தூக்கி எறியாமல் பக்கத்துப் பள்ளிக்குக் கொடுத்தால் அவர்கள் அடுத்த பருவத்தில் வேறு பொருள்களோடு வைத்துக்கொள்வார்கள்.