தாத்தாவின் காக்கி பேன்ட் எனக்குப் பொருந்திய விதம்

தாத்தா பெரம்பூர் பின்னி மில்லில் வேலை பார்த்தவர். மில் 1996இல் மூடிய பிறகும், அங்கே நெய்த காக்கியில் தைத்த பேன்ட் ஒன்றைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். முன்பக்கம் இரண்டிரண்டு மடிப்பு, தொப்புள் வரை ஏறும் இடுப்பு. போட்டுப் பார்த்தேன், இடுப்பு இரண்டு அங்குலம் தொளதொள.

முதலில் கொடுத்த கடையில் பக்கத் தையலில் பிடித்துவிட்டார்கள். பாக்கெட் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மனசே ஆறவில்லை. அப்புறம் வண்ணாரப்பேட்டையில் வயதான டெய்லர் ஒருவரிடம் போனேன். பேன்ட்டை உள்புறம் திருப்பி, "பின்னாடி நடுத் தையலப் பாருப்பா, எவ்ளோ துணி வுட்டு வச்சிருக்காங்க" என்று கட்டைவிரலால் நீவிக் காட்டினார். பக்கத்தைப் பிரித்துப் பழையபடி வைத்தார். பின் நடுத் தையலை இடுப்புப் பட்டியில் அதிகமாகவும் கீழே போகப்போகக் குறைவாகவும் உள்ளே பிடித்தார். பாக்கெட் சரியாக உட்கார்ந்தது. மிச்சத் துணியை வெட்டவில்லை. உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம்.

இப்போது பழைய கோட் எடுத்தாலும் முதலில் தோளைத்தான் பார்க்கிறேன். கை நீளம், இடுப்பெல்லாம் சரிசெய்யலாம். தோள் தையல் எலும்பைத் தாண்டி இறங்கினால், எவ்வளவு அழகான துணியானாலும் வைத்துவிட்டு வந்துவிடுவேன். காக்கிக்கு வெள்ளை அரைக்கைச் சட்டை, உள்ளே விட்டு. தாத்தா போட்டது போலவே.