முருங்கையில் கம்பளிப்பூச்சியா? பகலில் தண்டைப் பாருங்கள்

மழை விட்ட கையோடு முருங்கை மரத்தடியில் மிளகு கொட்டினாற்போல் எச்சம் கிடந்தால் இலையை அண்ணாந்து பார்த்துப் பயனில்லை. தண்டைப் பாருங்கள். பழைய கம்பளித் துண்டை ஒட்டிவைத்தது போல ஒரு பழுப்புத் திட்டு தெரியும். கிட்டே போனால் அது நெளியும்.

யூப்டெரோட் மாலிஃபெரா என்ற அந்துப்பூச்சியின் புழு இது. யாழ்ப்பாணத்தில் மயிர்க்கொட்டி என்பார்கள். இரவில் மேலேறி இலையைத் தின்னும், பட்டையையும் சுரண்டும். பகலில் கூட்டமாகத் தண்டில் வந்து அடையும். தெற்கு ஐரோப்பாவின் பைன் மரங்களில் இதே போல ஊர்வலம் போகும் புழுக்கள் உண்டு. அவை உச்சிக்கிளையில் பட்டுநூல் கூடு கட்டிக்கொள்வதால், ஏணி போட்டு ஏறிக் கூட்டை வெட்ட வேண்டும். நம் முருங்கைப் புழு தண்டிலேயே, பெரும்பாலும் கைக்கெட்டும் உயரத்தில் கிடக்கிறது. காலை எட்டு, ஒன்பது மணிக்குள் வேலையை முடித்துவிடலாம்.

பலரும் செய்யும் தவறு, விளக்குமாற்றால் தட்டிவிடுவது. காய்ந்த முடி ஒடிந்து காற்றில் பறக்கும். அரிப்பு வீடு முழுக்கப் பரவும். செத்த புழுவின் முடியும், உரித்துப்போட்ட சட்டையின் முடியும்கூட அரிக்கும். ஆகவே முதலில் நனைக்க வேண்டும், பிறகுதான் தொட வேண்டும்.

கொடியில் காயும் துணியை எடுத்துவிடுங்கள். கிணறு, தண்ணீர்த் தொட்டியை மூடுங்கள். முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, முகக்கவசம் போட்டுக் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, காற்று முதுகில் அடிக்கும் பக்கமாக நில்லுங்கள். மரத்தடியில் பழைய சாக்கை விரியுங்கள்.

மீன் எண்ணெய் சோப் (உரக்கடையில் கிடைக்கும்) லிட்டருக்கு 25 கிராம். பத்து லிட்டருக்கு 250 கிராமை எடுத்து, ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து வடிகட்டி, மீதி ஒன்பது லிட்டர் பச்சைத்தண்ணீர் சேருங்கள். வடிகட்டாவிட்டால் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொள்ளும். வேகமாகப் பீய்ச்சினால் புழுக்கள் சிதறி விழுந்து ஓடும். மெல்லிய தூறலாக, திட்டின் ஓரத்திலிருந்து உள்ளே வந்து, முடியின் அடிவரை நனையவிடுங்கள். கால் மணி நேரம் கழித்து, ஒட்டியிருப்பதை நீளமான மட்டையால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் வழித்துவிட்டு, சாக்கில் விழுந்ததையும் அதிலேயே கொட்டுங்கள். பிறகு ஓரடிக் குழியில் புதையுங்கள். தண்டில் ஒட்டியிருக்கும் பழைய சட்டைகளையும் நீரூற்றிக் கழுவிவிடுங்கள். மறுநாள் காலையில் திரும்பிப் பாருங்கள். மேலே தங்கிவிட்டவை இறங்கியிருக்கும்.

தீப்பந்தம் பழைய முறை. தோப்பில் இன்றும் எடுபடும். ஆறடிக் கம்பு நுனியில் துணி சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்தி, திட்டின் மேல் ஓட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் முருங்கையின் மெல்லிய பட்டை வெந்துவிடும். கூரை வீடு, காய்ந்த வேலி, மின்கம்பி பக்கத்தில் இருந்தால் இது வேண்டவே வேண்டாம்.

பழைய துண்டுப் பிரசுரங்களில் கார்பரில், டைக்குளோர்வாஸ் என்ற பூச்சிமருந்துகளை அடிக்கச் சொல்லி எழுதியிருக்கும். இந்தியாவில் முன்னது 2018-இலும் பின்னது 2020 முடிவோடும் தடையாகிவிட்டன. கடைக்காரர் பழைய சரக்கை நீட்டினாலும் வாங்காதீர்கள். கீரையைப் பறித்துச் சமைக்கிற மரம் இது. இளம்புழுக்கள் இலையில் இருக்கும்போதே கண்ணில் பட்டால் வேப்பங்கொட்டைச் சாறு போதும். 500 கிராம் வேப்பம்பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடித்துப் பத்து லிட்டராக்கி, 20 கிராம் சோப்பு கலந்து மாலையில் தெளியுங்கள். வளர்ந்த புழுவிடம் இது பலிக்காது.

அடுத்த மழைக்கு முன் மரத்தடி மண்ணை லேசாகக் கொத்திவிட்டால் உள்ளே இருக்கும் கூட்டுப்புழு வெளியே வரும், கோழி பார்த்துக்கொள்ளும். மழை பெய்ததும் மஞ்சள் கலந்த பழுப்பில் பெரிய அந்துப்பூச்சிகள் வாசல் விளக்கைச் சுற்றினால், விளக்கின் கீழே சோப்புத் தண்ணீர்த் தாம்பாளம் வையுங்கள். தோப்பென்றால் எக்டேருக்கு ஒரு விளக்குப்பொறி. இலையிலோ இளந்தண்டிலோ முட்டைக் குவியல் தெரிந்தால் அப்படியே கிள்ளி எடுத்துவிடலாம்.

உடம்பில் பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். செல்லோ டேப்பை அந்த இடத்தில் ஒட்டி உரித்தால் முடி அதோடு வந்துவிடும். ஒவ்வொரு முறையும் புது டேப். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். போட்டிருந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். கண்ணில் விழுந்தால் கசக்காமல் கால் மணி நேரம் நல்ல தண்ணீரை ஓடவிட்டு, மருத்துவரிடம் போய்விடுங்கள். மூச்சுத் திணறல் வந்தாலோ முகம் வீங்கினாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.