பதிவைச் சேமித்தால் மட்டும் போதாது

எக்ஸ் தளத்தில் ஸோகோ மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். வெளி முதலீடு வாங்காமல் பொறுமையாக வளரலாம் என்பார். அது வெறும் பேச்சில்லை. 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி, 2009-இல் ஸோகோ என்று பெயர் மாறிய நிறுவனம் அப்படித்தான் வளர்ந்தது. யாருடைய தொழில் அறிவுரையைப் படித்தாலும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்: சொல்பவர் அதைச் செய்து எத்தனை வருடம் ஆகிறது? அவர் வருமானம் தொழிலிலிருந்தா, நமக்கு விற்கும் பயிற்சி வகுப்பிலிருந்தா?

அப்புறம், அவர் தொழில் வேறு, நம் தொழில் வேறு. மென்பொருளுக்குச் சரக்கு அடுக்க வேண்டியதில்லை. தீபாவளிக்கு முன்பே கொள்முதல் செய்யும் ஜவுளிக்கடைக்காரர் வேம்பு சொல்வதை அப்படியே பின்பற்றினால் அலமாரி காலியாகத்தான் இருக்கும். ஆனால் லாபத்தில் ஒரு பங்கைத் தொடாமல் அடுத்த சீசனுக்கு ஒதுக்கினால், வட்டிக்கு வாங்கும் தொகை வருடா வருடம் குறையும். கடைக்காரருக்கான பாடம் அது.

பிடித்த பதிவைப் பார்த்ததும் நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள்: அவர் சொன்னது என்ன, இந்த வாரம் நான் எதைச் செய்து பார்க்கப் போகிறேன். இரண்டாவது வரி எழுத வரவில்லையா? சரி, அந்தப் பதிவை விட்டுவிடுங்கள்.