தாங்கிக்குள் பூசும்போது கண்ணை நம்பாதீர்கள்

கொப்புளத்தைப் பேனாக்கத்தியின் நுனியால் குத்தியதும் தண்ணீர் முகத்தில் பீச்சியடித்தது. நாக்கில் பட்ட துளி உப்புக் கரித்தது. பூச்சை உரித்துப் பார்த்தால் கீழே இரும்பு கறுத்துக் கிடந்தது. வாழைச்சேனைப் பக்கத்தில் ஒரு ஐஸ் தொழிற்சாலையின் நீர்த்தாங்கி அது. பூசி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. முதலாளி "பெயின்ட் சரியில்லை" என்றார். பெயின்டில் ஒரு குறையும் இல்லை. குறை எங்களிடம்தான் இருந்தது. அந்த வேலையில் நானும் கையாளாக நின்றவன் என்பதால் சொல்கிறேன்.

கடற்கரையில் மணல் சும்மா கிடக்கிறதே என்று அதையே அள்ளி வந்து சாண்ட்பிளாஸ்ட் அடித்தோம், அதாவது காற்றழுத்தத்தில் மணலைப் பீச்சிக் கறளை உரித்தோம். தூசைக் கழுவப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினோம். அது கொஞ்சம் சவர்த் தண்ணீர். இரும்பு வெள்ளி மாதிரி மினுங்கியது, எல்லாருக்கும் திருப்தி. ஆனால் மணலும் தண்ணீரும் விட்டுப்போன உப்பு அந்த மினுக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை.

தேசிக்காய்க்கு உப்புப் போட்டு வைத்தால் தண்ணீர் விடுகிறதல்லவா? பூச்சுக்கு அடியில் நடப்பதும் அதுதான். எந்தப் பூச்சும் கண்ணாடி அல்ல. நீராவி அதனூடாக மிக மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கும். அடியில் உப்பு இருந்தால் அது அந்த ஈரத்தை இழுத்துத் தன்னிடம் சேர்க்கும். சேரச் சேர அழுத்தம் கூடி, பூச்சு இரும்பை விட்டு எழும்பும். உள்ளே நல்ல தண்ணீர் நிரப்பிய தாங்கியில் இது இன்னும் வேகம்.

அதனால் எங்கள் ஊர்களில் முதல் வேலை கழுவுவது. சாண்ட்பிளாஸ்ட் அடிப்பதற்கு முன்பே குழாய்த் தண்ணீரால், அழுத்தத்தோடு கழுவ வேண்டும். உன்னிச்சைக் குளத்திலிருந்து குழாயில் வரும் தண்ணீர் இருக்கும்போது சவர்க் கிணற்றை எதற்குத் தேட வேண்டும்? கழுவாமல் அடித்தால் உப்பைக் கறள் குழிகளுக்குள் அடித்து ஏற்றுகிறோம். பழைய, குழி விழுந்த தாங்கி என்றால் கழுவி, அடித்து, திரும்பக் கழுவி, திரும்ப அடிக்க வேண்டியும் வரலாம். கடல் மணலை மறந்துவிடுங்கள். அதில் உப்பு மட்டுமல்ல, சிலிக்காத் தூசும் உண்டு. அது நுரையீரலில் படிந்தால் வெளியே வராது. சாண்ட்பிளாஸ்ட் அடிக்க விற்கும் கார்னெட் மணலுக்குக் காசு கூடத்தான், ஆனால் அதில் மிச்சம் பிடிக்கப் போகாதீர்கள். உப்பு போய்விட்டதா என்று அறிய, இரும்பில் ஒட்டும் சின்னப் பையொன்றில் சுத்தமான நீரை ஊசியால் ஏற்றி எடுத்து, அதன் மின்கடத்தலை அளக்கும் முறை இருக்கிறது. உப்பு சதுர மீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது நீரில் மூழ்கும் பூச்சுகளுக்குப் பலரும் கேட்கும் அளவு.

மினுக்கம் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். கிரைண்டரில் வயர் பிரஷைப் போட்டுத் தேய்த்தாலும் இரும்பு பளபளக்கும். ஆனால் அது வழுக்கும் பளபளப்பு, பூச்சுக்குப் பிடிமானம் கிடையாது. உட்பூச்சுக்கு எஸ்ஏ 2½ தரத்துக்கு, அதாவது கறளும் பழைய பூச்சும் மெல்லிய கறைக்கு மேல் மிஞ்சாத அளவுக்குச் சுத்தமாகவும், 50 முதல் 75 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று) வரை சொரசொரப்பாகவும் மேற்பரப்பு இருக்க வேண்டும். விரலால் தடவி "ஓம், சரி" என்பது அளவாகாது.

நேரம் பார்க்காமல் பூசுவது அடுத்தது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்று காய்ந்திருக்கும், வேலைக்கு நல்ல காலம்தான். ஆனால் மதியத்தில் தகடு தோசைக்கல் ஆகிவிடும். ஸ்பிரே இரும்பில் படும் முன்னே காய்ந்து மாவாய் ஒட்டும். வாடைக் காற்றும் மாரி மழையும் வந்தால் கதை மறுபக்கம். காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைப் பள்ளிக்கூடத்தில் பனிபடுநிலை என்று படித்திருப்போம். இரும்பு அதைவிடக் குறைந்தது 3 பாகை சூடாக இருக்க வேண்டும். காற்று 29 பாகை செல்சியஸ், ஈரப்பதன் 85 வீதம் என்று வையுங்கள்: பனிபடுநிலை 26-ஐச் சற்றுத் தாண்டும். இரும்பும் 29-இல் இருந்தால் நூலிழையில் தவறுகிறோம். பொழுது சாய்ந்ததும் கூரைத் தகடு காற்றைவிடக் குளிர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத வியர்வை அதில் படியும். வாவியோரத்தில் மாலை ஆறு மணிக்கு எப்பொக்சி (இரண்டு பொதியாய் வந்து, கலந்ததும் இறுகும் பெயின்ட்) பூசுவதும் ஈரத் துணியில் பிளாஸ்டர் ஒட்டுவதும் ஒன்றுதான். அடித்த இரும்பை அன்றைக்கே பூசி முடிக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். இராத்திரி விட்டுவைத்தால் விடிய மஞ்சள் கறள் எட்டிப் பார்க்கும்.

வெல்டிங் தையல், மூலை, கூரான விளிம்பு ஆகிய இடங்களில் பூச்சு தானாகவே மெலிந்துபோகும். அங்கெல்லாம் தூரிகையால் ஒரு கை முன்கூட்டியே பூசிவிடுங்கள். இதைச் சொல்லாத பாஸ் இல்லை, செய்பவர்தான் குறைவு.

எதற்கு எதைப் பூசுவது? டீசல் தாங்கிக்குள் நாகம் (சிங்க்) கலந்த பூச்சு வேண்டாம், நாகம் டீசலைக் கெடுக்கும். டீசலுக்கு அடியில் தண்ணீர் தேங்குவதால் தரையும் சுவரின் கீழ் ஒரு மீற்றருமே முதலில் அரிக்கும். கவனம் அங்கே போகட்டும். குடிதண்ணீருக்குத் தார் கலந்த எப்பொக்சி கூடாது. அம்பாறைப் பக்கத்து ஆலைகளில் நெல் ஊறும் சுடுதண்ணீர்த் தாங்கிகளுக்குச் சாதாரண எப்பொக்சியை எடுத்துப் பூசிவிட்டு, அது உரிந்து நெல்லோடு கலந்த பிறகு வருந்துவதில் பயனில்லை. அதேபோல வெளிப்பக்கத்தில் எப்பொக்சியை வெயிலுக்கு விட்டால் சுண்ணாம்பாய் உதிரும். மேலே வெயில் தாங்கும் பொலியூரித்தேன் பெயின்ட் ஒரு கை வேண்டும்.

இனி தடிப்பு. பணம் கொடுப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு துண்டில் எழுதி வையுங்கள். 4 மீற்றர் விட்டம், 5 மீற்றர் உயரமுள்ள தாங்கியின் உட்பரப்பு, தரையும் கூரையும் சேர்த்து ஏறக்குறைய 88 சதுர மீற்றர். நூற்றுக்கு 80 பங்கு திண்மமுள்ள (காய்ந்த பிறகு மிஞ்சும் பங்கு) பெயின்டில் 300 மைக்ரோன் காய்ந்த தடிப்பு வேண்டுமானால், ஒரு சொட்டும் வீணாகாவிட்டால்கூட 33 லீற்றர் வேண்டும். காற்றில் போவது, குழாயில் தங்குவது எல்லாம் சேர 45 முதல் 50. வேலை முடிந்த அன்று வெறும் ரின்களை எண்ணுங்கள். மொத்தம் 30 லீற்றருக்கான ரின்தான் கிடக்கிறது என்றால் தாங்கிக்குள் இறங்காமலே பதில் தெரிந்துவிடும். தின்னரும் இங்கேதான் விளையாடும். 300 மைக்ரோனுக்கு ஈரத்தில் 375 மைக்ரோன் போதும். பத்துக்கு ஒன்று தின்னர் ஊற்றினால் 410-க்கு மேல் வேண்டும். ஊற்றுகிறவர் அதை நினைப்பதில்லை, பழைய அளவிலேயே அடித்துப் போவார். இரு பொதிப் பெயின்டைக் கண்மதிப்பில் பாதி பாதியாகக் கலப்பதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அது பெயின்டுக்குச் செய்யும் பாவம்.

உயிர் போகும் தவறு ஒன்று இருக்கிறது. மூடியைத் திறந்துவிட்டால் காற்றோட்டம் வந்துவிட்டது என்று நினைப்பது. தின்னர் ஆவி காற்றைவிடப் பாரமானது, தரையில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதை அடியிலிருந்து குழாய் போட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். துணி முகமூடி அந்த ஆவியைத் தடுக்காது, வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி வேண்டும். சாதாரண பல்பும் சட்டைப்பையில் போனும் உள்ளே போகக்கூடாது, ஒரு பொறி போதும். ஒட்சிசனும் தீப்பற்றும் ஆவியும் அளக்கும் கருவியில்லாமல் யாரையும் இறக்காதீர்கள். வாசலில் ஒருவர் எந்நேரமும் நிற்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் அவர் பின்னால் குதிக்கக்கூடாது. முன்பே கட்டிய கயிற்றால் இழுக்க வேண்டும். குதித்தால் பிணம் இரண்டு.

காய்ந்த பிறகு ஊசித்துளை தேட, நனைத்த பஞ்சை 67.5 வோல்ட் கருவியில் மாட்டித் தடவுவோம். துளை இருந்தால் கீச்சென்று கத்தும். 500 மைக்ரோனுக்கு மேற்பட்ட தடிப்புக்கு உயர் வோல்ட் பொறிக் கருவி வேண்டும். கண் இதிலும் தோற்றுப்போகும்.

கைக்கு ஒட்டாதது முழுமையாக இறுகியது ஆகிவிடாது. பல எப்பொக்சிகளுக்கு 25 பாகையில் 7 நாள் என்று தாளில் போட்டிருக்கும். போன வருசம் ஒரு முதலாளி மூன்றாம் நாள் போன் எடுத்தார்.

"தம்பி, தொட்டுப் பாத்தன், காஞ்சிட்டு. பவுசர் வந்து நிக்குது. மறுகா என்ன?"

"இன்னும் நாலு நாள், நானா. பவுசரத் திருப்பி அனுப்புங்க."

அனுப்பினார். வாடகையை என் கணக்கில் எழுதினார்.