மழை நாளில் நண்பர்களோடு ஏரிக்கரை நடை: டெர்வென்ட்வாட்டர் போகிறவர்களுக்கு

செப்டம்பர் கடைசியில் லேக் டிஸ்ட்ரிக்ட் போகலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் யாராவது கிளப்பிவிடுவார்கள். நாள் நெருங்கும்போது முன்னறிவிப்பில் மழை என்று வரும், பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். கழன்றுகொள்ள வேண்டாம். இங்கிலாந்தின் அந்த மூலையில் மழைக்கு ஒதுங்குவதென்றால் வருஷம் முழுக்க ஒதுங்க வேண்டியதுதான். போரோடேல் பள்ளத்தாக்கில் இருக்கும் சீத்வெயிட் என்ற சிற்றூரில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மி.மீ. மழை. சென்னைக்குக் கிடைப்பதைப் போல இரண்டரை மடங்கு.

மழை நாளில் மட்டும் பாதையைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாற்றிக்கொள்ளுங்கள். எது அழகான பாதை என்று தேடாதீர்கள். பாதியில் விட்டுவிட்டு வரக்கூடிய பாதை எது என்று தேடுங்கள். அப்படித் தேடினால் முதலில் வந்து நிற்பது கெஸிக் ஊரை ஒட்டிய டெர்வென்ட்வாட்டர் ஏரி.

படி 1: பாதையை முடிவு செய்யுங்கள்

லண்டன் யூஸ்டனிலிருந்து ரயிலில் பென்ரித், அங்கிருந்து பேருந்தில் கெஸிக். ஊரிலிருந்து ஏரிக்கரைப் படகுத்துறைக்கு நடந்தே போய்விடலாம். ஏரியைச் சுற்றி வரும் படகுகள் இரு திசையிலும் ஓடுகின்றன. கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் போகும் படகில் ஏறி, நிக்கல் எண்டை அடுத்த ஹாஸ் எண்ட் துறையில் இறங்குங்கள். அங்கிருந்து தெற்கே மேற்குக் கரையோரமாக நடந்து, ஏரியின் தென்முனையைச் சுற்றி லோடோர் துறையில் முடிக்க வேண்டும். 5, 6 கிலோமீட்டர்தான். மழை, அரட்டை, தேநீர் எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

வழியிலேயே லோ பிராண்டெல்ஹோ, ஹை பிராண்டெல்ஹோ என்று இரண்டு படகுத்துறைகள் வருகின்றன. யாருக்காவது குளிர் தாங்கவில்லை, கால் வலிக்கிறது என்றால் அங்கேயே படகு ஏறிவிடலாம். தெற்கே போய்விட்டால் கிரேஞ்ச் கிராமத்திலும் லோடோரிலும் கெஸிக் திரும்பும் 78-ஆம் எண் பேருந்து இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஹாஸ் எண்டில் இறங்கியதும் தலைக்கு மேலே கேட்பெல்ஸ் குன்று தெரியும். 451 மீட்டர்தான், ஏறிவிடலாமே என்று ஒருவர் நிச்சயம் ஆரம்பிப்பார். உச்சியை ஒட்டிய பாறைகள் பல தலைமுறை பூட்ஸ் பட்டு வழவழப்பாகிக் கிடக்கின்றன, ஈரத்தில் சறுக்கும். இன்று மேலே போவதில்லை என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு வாருங்கள். கரையில் நின்று வாக்கெடுப்பு நடத்தாதீர்கள்.

படி 2: உடை

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். பகலில் 12 முதல் 16 டிகிரி இருக்கும் பருவம் இது. ஆபத்தில்லாத குளிர் என்று தோன்றும், ஆனால் ஈரத் துணியோடு காற்றில் பத்து நிமிஷம் நின்றால் பல் கிட்டும்.

உள்ளே பாலியஸ்டர் அல்லது கம்பளிச் சட்டை, அதன்மேல் மெல்லிய ஃபிளீஸ் (பஞ்சுபோன்ற செயற்கைத் துணி மேலாடை), எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர் புகாத ஜாக்கெட். மழைக்கால்சட்டையைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஜாக்கெட்டில் வழியும் தண்ணீர் முழுக்கத் தொடையில்தான் இறங்கும், ஆகவே மலிவானதாக ஒன்றாவது வாங்கிவிடுங்கள். நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். கதகதப்பாகத் தொடங்கினால் கால்மணி நேரத்தில் வியர்வையே உள்ளேயிருந்து நனைத்துவிடும்.

காலணிக்கு அடியில் ஆழமான பிடிப்பு இருந்தால் போதும்.

மலையேறிகள் குடையைக் கேலி செய்வார்கள். முகட்டில் அது வீண்தான். மரங்களுக்கு நடுவே நடக்கும் இந்தப் பாதையில் குடை நல்லது என்பது என் கட்சி. மூக்குக்கண்ணாடி போட்ட நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள்.

படி 3: பை

முதுகுப்பைக்கு வெளியே போடும் உறையை நம்பாதீர்கள், காற்று தூக்கிவிடும். பைக்குள்ளே ஒரு கெட்டியான குப்பைப் பையை விரித்து அதற்குள் சாமான்களை வையுங்கள். மாற்றுக் காலுறை, ஃபிளீஸ் இன்னொன்று, தலையில் மாட்டும் விளக்கு, விசில், காகித வரைபடம். பிரிட்டனின் நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல்4 தாள் இந்தப் பகுதிக்கானது. நனைந்த விரலுக்குத் தொடுதிரை அடங்காது என்பது மழையில் புரியும்.

சாப்பாடு நின்றபடியே ஒரு கையால் தின்னும்படி இருக்கட்டும். சப்பாத்திச் சுருள் சரியாக வரும். புளியோதரைக்குக் கரண்டியும் உட்கார இடமும் வேண்டும். ஆளுக்கொரு பிளாஸ்க் என்றில்லாமல் இரண்டு பேருக்கு ஒன்று போதும். இஞ்சி தட்டிப் போட்ட தேநீர் ஊற்றிக்கொள்ளுங்கள்.

படி 4: முந்தின நாள்

பிரிட்டனின் வானிலை அமைப்பான மெட் ஆபீஸின் முன்னறிவிப்பில் மழையைவிடக் காற்றைக் கவனியுங்கள். காற்று பலமாக இருந்தால் படகு ஓடாமல் போகலாம், அப்போது நம் திட்டமே மாறும். பருவத்துக்கேற்பப் படகு நேரமும் மாறும் என்பதால் லோடோரிலிருந்து கடைசிப் படகு எப்போது என்று குறித்துவைத்து, அதற்கு முந்தைய படகைக் குறிவைத்து நடையைத் தொடங்குங்கள். செப்டம்பர் கடைசியில் ஏழு மணியை ஒட்டிச் சூரியன் மறையும். மேகமும் மரமும் சேர்ந்தால் அதற்கு முன்பே இருட்டிவிடும்.

படி 5: நடக்கும்போது

மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். வேகமானவர்கள் முன்னால் போய்க் காத்திருந்தால் நின்ற இடத்தில் அவர்களுக்குக் குளிரெடுக்கும். பின்னால் வருபவர் மூச்சு வாங்கியபடி வந்து சேர்ந்ததும், "வந்துட்டியா, கிளம்பலாம்" என்பார்கள். அவருக்கு ஓய்வே கிடைக்காது. நிற்பதென்றால் மரத்தடியில், ஐந்து நிமிஷம், எல்லோரும் சேர்ந்து.

முதலில் வரும் பிராண்டெல்ஹோ காட்டை 1902-இல் பொதுமக்களிடம் பணம் திரட்டி 6,500 பவுண்டுக்கு நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு வாங்கியது. லேக் டிஸ்ட்ரிக்டில் அந்த அமைப்பு வாங்கிய முதல் நிலம் அதுதான். நீங்கள் கட்டணமில்லாமல் கரையோரம் நடக்க முடிவதற்கு அப்படித் திரட்டிய பணம் ஒரு காரணம். இந்தப் பருவத்தில் ஓக் மரங்கள் இன்னும் பச்சையாகவே நிற்க, குன்றுச் சரிவில் பிராக்கன் பெரணி மட்டும் துருநிறத்துக்கு மாறியிருக்கும். மழையில் அந்த நிறம் இன்னும் ஏறும். பாசியும் அப்படித்தான். வெயில் நாளில் வந்தவர்களுக்கு இது கிடைக்காது.

காட்டுக்குள் வழுக்குவது சேறு அல்ல, வேர்கள். குறுக்கே ஓடும் ஈர வேரை மிதிக்காமல் தாண்டுங்கள். தென்முனைச் சதுப்பில் பலகைப்பாதை வரும், அங்கே சின்ன அடிகளாக வைத்து நடங்கள். நாள்கணக்கில் மழை பெய்திருந்தால் ஏரி ஏறிப் பலகைகள் மூழ்கியிருக்கலாம். தண்ணீருக்குள் பலகையைத் தேடி நடக்கவே கூடாது. சதுப்புக்கு முன்னால் வரும் மேனஸ்டி என்ற இடத்திலிருந்து சாலை வழியாகக் கிரேஞ்சுக்குப் போய்ப் பேருந்து பிடியுங்கள்.

லோடோரில் ஹோட்டலுக்குப் பின்னால் அருவி. வறண்ட நாளில் போனால் பாறைதான் அதிகம் தெரியும். மழை நாளில் சாலையிலேயே சத்தம் கேட்கும்.

படி 6: ஏதாவது ஆகிவிட்டால்

பள்ளத்தாக்கில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. அதனால் 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை முன்பே அவசர உதவி எண்ணான 999-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, வரும் பதிலின்படி பதிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம் பேச முடியாத இடத்திலிருந்தும் குறுஞ்செய்தியில் உதவி கேட்கலாம். பேச முடிந்தால் 999-ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேளுங்கள். விசில் ஊதி உதவி கேட்பதென்றால் ஒரு நிமிஷத்தில் ஆறு முறை, ஒரு நிமிஷம் இடைவெளி, மறுபடி ஆறு.

படி 7: திரும்பிய பிறகு

பெரணிக்குள் நடந்திருந்தால் முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நுனிகூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், நசுக்காதீர்கள். காலணியை ஹீட்டர் மேல் வைத்தால் தோல் வெடிக்கும், பசை விடும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, படுக்கப் போகுமுன் ஒருமுறை தாளை மாற்றிவையுங்கள்.