எஜெக்டரா, எக்ஸ்ட்ராக்டரா? ஒற்றைத் தோட்டா ரைஃபிளில் காலித் தோட்டா சிக்கினால்

பேரலை (குழலை) மடக்கித் திறக்கும் ஒற்றைத் தோட்டா ரைஃபிள்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், திறந்தவுடன் காலித் தோட்டா ‘டப்’ என்று தோளுக்கு மேல் பறக்கும். மற்றதில் ஐந்தாறு மி.மீ. எழும்பி நிற்கும், விரலால் பிடித்து எடுத்துக்கொள்ள வேண்டும். பறக்கவிடுவது எஜெக்டர். எழுப்பித் தருவது எக்ஸ்ட்ராக்டர்.

தோட்டா எங்கே போய் விழுகிறது என்பதைவிட, அதை இழுக்கும் பலம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். எக்ஸ்ட்ராக்டருக்கு உங்கள் கையே பலம்: பேரல் மடங்க மடங்க ஒரு நெம்பு அதைப் பின்னால் தள்ளுகிறது. எஜெக்டரை நம்பியிருப்பது ஒரு சின்ன ஸ்பிரிங். பேரல் முழுதாகத் திறக்கும்வரை ஒரு லாட்ச் (சிறு தாழ்) அதைப் பிடித்து வைத்திருக்கும், கடைசியில் விட்டுவிடும். தோட்டா லேசாக ஒட்டியிருந்தாலே ஸ்பிரிங் தோற்றுப்போகும்.

இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்வது அமெரிக்காவில் முதலில் மாசசூசெட்ஸின் கார்ட்னர் ஊரில் செய்யப்பட்ட எச் அண்ட் ஆர் ஹேண்டி ரைஃபிள். 2015-இல் தயாரிப்பு நின்றுவிட்டாலும் பழைய துப்பாக்கிச் சந்தையில் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. அதன் பெரும்பாலான பேரல்களில் எஜெக்டர். 1967-இல் வந்த தாம்சன் சென்டர் கண்டெண்டர் என்ற ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியில் எக்ஸ்ட்ராக்டர்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் உரிமம் தேவை. சோதிப்பது, சுத்தம் செய்வது வரை நீங்கள் செய்யுங்கள், பிரிக்கும் வேலையை உரிமம் பெற்ற கடைக்குக் கொடுங்கள்.

படி 1: காலி என்று உறுதி செய்யுங்கள்

பேரலைத் திறந்து சேம்பரை (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழியை) கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். உயிர்த் தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். எஜெக்டர் பேரலைத் திறக்கும்போது தலையைப் பக்கவாட்டில் வைப்பதும் இப்போதே பழக வேண்டிய விஷயம், தோட்டா நேராகப் பின்னால்தான் வரும்.

படி 2: உங்களுடையது எது?

காலிப் பேரலை மூடிவிட்டு மெதுவாகத் திறந்துகொண்டே சேம்பர் ஓரத்தில் இருக்கும் கொக்கியைப் பாருங்கள். பேரல் மடங்கும் அளவுக்கு அதுவும் கூடவே வந்து, நீங்கள் நிறுத்தினால் தானும் நின்றால் எக்ஸ்ட்ராக்டர். கடைசிவரை அசையாமல் இருந்துவிட்டுத் திடீரென்று குதித்தால் எஜெக்டர். கட்டைவிரலால் அதைத் திருப்பி அழுத்தினால் ஸ்பிரிங் எதிர்ப்பதும் தெரியும்.

படி 3: குற்றவாளி யார் என்று கண்டுபிடியுங்கள்

புதிதாக வாங்கியவர்கள் தவறுவது இங்கேதான். தோட்டா வரவில்லை என்றதும் எஜெக்டரைப் பிரித்து, ஸ்பிரிங்கை மாற்றி, கொக்கியை அரம் போட்டுத் தேய்த்துவிடுவார்கள். பத்தில் எட்டு முறை கோளாறு சேம்பரில் இருக்கிறது என்பது எங்கள் கணிப்பு.

ஒரு டம்மி தோட்டா (வெடிமருந்து இல்லாத ஸ்னாப் கேப்) போட்டு மூடித் திறங்கள். அது நன்றாகப் பறந்தால் ஸ்பிரிங்கும் லாட்சும் சரி. அப்படியானால் சுட்ட தோட்டா மட்டும் ஏன் ஒட்டுகிறது? சுடும்போது தோட்டாவின் பித்தளை உறை விரிந்து சேம்பர் சுவரோடு ஒட்டி, பிறகு கொஞ்சம் சுருங்கி விடுபட வேண்டும். சுவரில் கரியோ துருவோ சொரசொரப்போ இருந்தால் விடுபடாது. மருந்து அளவு அதிகமானாலும் பித்தளை தன் மீளும் எல்லையைத் தாண்டி விரிந்து இறுகிவிடும். தானே தோட்டா நிரப்புகிறவர்கள் பழைய உறையை முழு நீளத்துக்கும் சைஸ் செய்யாமல் (அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவராமல்) விட்டாலும் இதே கதிதான்.

சிக்கிய காலித் தோட்டாவை பேரலின் முன்வாயில் இருந்து கிளீனிங் ராடு விட்டுத் தள்ளிப் பாருங்கள். லேசான தட்டலுக்கே வந்தால் அழுக்கு என்று சந்தேகப்படலாம். சுத்தியல் தேவைப்பட்டால் அந்த லோடை (அந்த அளவு மருந்து நிரப்பிய தோட்டாவை) அன்றோடு நிறுத்துங்கள். பிரைமர் (உறையின் அடியில் இருக்கும், மருந்தைப் பற்றவைக்கும் மூடி) தட்டையானதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம், ஹெட்ஸ்பேஸ் (மூடிய நிலையில் தோட்டாவுக்குச் சேம்பரில் இருக்கும் இடைவெளி) அதிகமாக இருந்தாலும் அது தட்டையாகும். கத்தி, ஸ்குரூடிரைவர் கொண்டு நெம்புவது கூடவே கூடாது. சேம்பர் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தால் அதற்குப் பிறகு ஒவ்வொரு தோட்டாவும் அதில் மாட்டும்.

டம்மியே வரவில்லையா? அப்போதுதான் படி 5.

படி 4: சேம்பரைச் சுத்தம் செய்தல்

பேரலுக்கு உள்ள பிரஷ் சேம்பருக்குப் போதாது, சேம்பர் அதைவிட அகலம். .308 அளவுத் தோட்டாவுக்கு .45 அளவு வெண்கல பிரஷ் கச்சிதமாக இருக்கும். .223-க்கு அதற்கென்றே விற்கும் சேம்பர் பிரஷ் வாங்கிவிடுங்கள். சால்வெண்டில் (கரியைக் கரைக்கும் திரவத்தில்) நனைத்து, பத்துப் பதினைந்து முறை சுழற்றியபடி தேய்த்து, துணி சுத்தமாக வரும்வரை துடையுங்கள்.

அதன் பிறகும் ஒட்டினால், பிரஷைச் சுற்றி 0000 எண் ஸ்டீல் வூலை மெலிதாகச் சுருட்டி, எண்ணெய் தடவி, டிரில்லில் மெதுவான வேகத்தில் 20 முதல் 30 வினாடி ஓட்டலாம். நோக்கம் பளபளப்பாக்குவது மட்டுமே. இரும்பைத் தின்னும் எமரித் தாளை எடுத்தால் சேம்பர் பெரிதாகிவிடும், திரும்ப வழியில்லை.

சுடுவதற்கு முன் சேம்பர் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். வழுக்கினால் எளிதாக வரும் என்று எண்ணெய் விடுவது பலருக்கும் தோன்றும் யோசனை. உறை சுவரைப் பிடித்துக்கொள்வதால்தான் பின்னால் அடிக்கும் விசையின் ஒரு பங்கு பேரலுக்குப் போகிறது. எண்ணெய் இருந்தால் மொத்த அடியும் ஃபிரேமில் (துப்பாக்கியின் உடலில்) விழும்.

படி 5: எஜெக்டரைக் கழற்றுதல்

முன்கட்டையின் (பேரலுக்கு அடியில் கையால் பிடிக்கும் பகுதியின்) ஸ்குரூவைக் கழற்றி அதை எடுங்கள், பேரலைத் திறந்து கீலில் இருந்து தூக்குங்கள். பேரலுக்கு அடியில் உள்ள தடித்த பகுதியில், எஜெக்டரைப் பிடித்திருக்கும் குறுக்கு ஊசி (பின்) தெரியும். முதலில் எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்துவிடுங்கள். பிறகு அந்த இடத்தை ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, துளைக்குப் பொருந்தும் பஞ்ச் (ஊசியைத் தட்டி வெளியேற்றும் இரும்புக் கம்பி) வைத்து அந்த ஊசியைத் தட்டுங்கள். ஸ்பிரிங்கும் லாட்சின் குட்டி ஸ்பிரிங்கும் பைக்குள் விழும். பை இல்லாமல் செய்தால் கட்டிலுக்கு அடியில் தேட வேண்டியிருக்கும்.

எஜெக்டர் ஓடும் பள்ளத்தில் கெட்டிப்பட்ட பழைய எண்ணெய், பித்தளைச் சீவல், எரியாத மருந்துத் துகள் எல்லாம் இருக்கும். பிரேக் கிளீனரும் பல்குத்தும் குச்சியும் போதும். கொக்கியின் முனை உருண்டுபோயிருக்கிறதா, ஸ்பிரிங் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புதிது மாற்றுங்கள். ஒரே ஒரு சொட்டு எண்ணெயோடு திருப்பிப் பூட்டுங்கள்.

எக்ஸ்ட்ராக்டர் பேரலில் கோளாறு வேறு மாதிரி தெரியும். அதற்கு அடியில் அழுக்குச் சேர்ந்தால் அது முழுதாக உள்ளே போகாமல் நீட்டிக்கொண்டிருக்கும், பேரல் மூடாது.

எதை வாங்குவது?

தோட்டா நிரப்புகிறவர்களுக்கு எக்ஸ்ட்ராக்டர்: உறை புல்லில் தொலையாது, ஒட்டினாலும் கைப்பலம் இருக்கிறது. கையுறையோடு குளிரில் வேட்டையாடி, இரண்டாவது தோட்டாவை அவசரமாகப் போட வேண்டியவர்களுக்கு எஜெக்டர் வசதி. .30-30, .45-70 போன்ற விளிம்பு நீட்டிய தோட்டாக்களை இரண்டுமே நன்றாகப் பிடிக்கும். .223, .308 போல விளிம்பு நீட்டாதவற்றில் கொக்கி பள்ளத்துக்குள் போய்க் கவ்வ வேண்டும், வழுக்கிவிட்டால் ராடுதான் கதி.

கைப்பலம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 1885 ஜனவரியில் சூடானின் அபு கிளியாவில் பிரிட்டிஷ் படையின் மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள்கள் (நெம்பைக் கையால் இழுத்துத் திறக்கும் ஒற்றைத் தோட்டா வகை) சிக்கின. மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்த உறை சேம்பரில் ஒட்டிக்கொள்ள, இழுத்தால் அடிப்பகுதி மட்டும் பிய்ந்து வரும்.

எஜெக்டரின் ஸ்பிரிங்கைக் கழற்றினால் எக்ஸ்ட்ராக்டர் ஆகிவிடுமா என்று கேட்கிறார்கள். ரூகர் நம்பர் 1 என்ற ஒற்றைத் தோட்டா ரைஃபிளில் ஆகும், அங்கே நெம்பு முதலில் இழுக்கிறது, ஸ்பிரிங் பிறகுதான் உதைக்கிறது. ஹேண்டி ரைஃபிளில் அந்த ஸ்பிரிங் தவிர வேறு பலம் கிடையாது. எடுத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் ராடைத் தேட வேண்டும்.

பூட்டி முடித்ததும் டம்மியைப் பத்து முறை போட்டுத் திறந்து பாருங்கள். பத்தும் பறந்தால் மைதானத்துக்குக் கொண்டுபோய் ஐந்து தொழிற்சாலைத் தோட்டா சுடுங்கள். முதல் சில நாட்கள் பையில் ஒரு கிளீனிங் ராடு இருக்கட்டும்.